வாயகலம்

பகலில் நான் மின்சாரசபைக்கு மீற்றர் வாசிக்கிறவன்.
நீர்வேலியில் எந்த ஒழுங்கையில்
எந்தத் தூணின் குமிழ் செத்துக் கிடக்கிறதென்று
வௌவாலுக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும்.
வாழைத்தோட்ட ஒழுங்கையில் மூன்று குமிழ்.
எழுதிக் கொடுக்கவேண்டியவன்
ஆறு மாதமாக எழுதவில்லை.
அந்த இருட்டுக்கு மேலேதான்
சனி வந்து நிற்கிறது.

சீட்டு விழுந்தது. எண்பத்தையாயிரம்.
தண்ணிப் பம்ப் வாங்கப்போகிறேன் என்று
சுகிர்தாவுக்குச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

கஸ்தூரியார் வீதிக் கடையில்
கண்ணாடி அலுமாரிக்குள் ஒன்று.
பெட்டிப் படத்தில் வியாழனும் சனியும் நிலவும் ஒரே பருமன்.
மேலே தடித்த எழுத்தில்: 525 மடங்கு.
பெடியன் அதை வாசலில் நிறுத்தி
எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைக் காட்டினான்.
எழுத்துப் பெருத்தது. பெருத்துக் கலங்கியது,
கஞ்சிக்குள் விழுந்த எறும்புபோல.
மூன்று காலும் நடுங்கியது
பஸ் போனதற்கோ நான் மூச்சு விட்டதற்கோ.
மடங்குகளை நான் நம்புவதில்லை.
மடங்கு மடங்காகப் போட்டுத்தான்
சனத்தின் பில் ஏறுகிறது.

முதலில் பைனாகுலர் வாங்கு என்றான்
கந்தோரில் ஒருவன். நல்ல புத்திதான்.
ஆனால் அதைக் கழுத்தில் போட்டபடி
வயற்கரையில் நின்ற ஒருவனுக்கு
என்ன நடந்ததென்று பார்த்த கண் இது.
காரணம் கேட்டால்
கை நடுங்கும் என்பேன்.

பிறகு குருநகர் பெனடிக்ற்.
தமையன் நோர்வேயிலிருந்து கொண்டுவந்து
விட்டுப்போனவை இரண்டு.
ஒன்றுக்கு எதிர்ப்பாரம், பற்சக்கரம், பாகைத் தட்டு.
"துருவ நட்சத்திரத்துக்கு நேரே பூட்டினால்
வானம் சுத்தச் சுத்த இதுவும் சுத்தும்."
நோர்வேயில் அது உச்சிக்குக் கிட்ட நிற்கும்.
இங்கே ஒன்பதரைப் பாகை.
நவரட்ணத்தாற்றை காணிப் பனைகளுக்குப் பின்னால்
காவோலைக்குள் பதுங்கிக் கிடப்பான் துருவன்.
பனை தறிக்க அனுமதி எடுக்கவேண்டும்.
காரணம் என்ற இடத்தில் என்னத்தை எழுத?

மற்றது
ஒட்டுப்பலகைப் பெட்டியில் குந்தியிருந்த தடித்த குழாய்.
சக்கரமில்லை, காலில்லை.
கையால் தள்ளினால் திரும்பும், விட்டால் நிற்கும்.
"முந்தி எண்டால் இதை மோட்டச்சைக்கிளில
கட்டிக்கொண்டு சோதனைச் சாவடி தாண்டியிருப்பியோ?"
என்றான் பெனடிக்ற்.
இரண்டு பேரும் சிரித்தோம்,
கொஞ்சம் பிந்தித்தான்.

அடியில் கண்ணாடி, ஆறு அங்குலம்.
மழை ஒழுக்குக்கு வாளி வைக்கிறவனுக்கு
இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை:
ஆழத்தால் என்ன, துளி விழுவது வாயில்.
காசை எண்ணிக் கொடுத்தேன்.

"பம்புக்கு இவ்வளவு பெரிய வாயோ" என்றாள் சுகிர்தா.
உண்மையைச் சொன்னேன்.
நெடுநேரம் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"கலியாணத்தண்டு ஐயர் காட்டின அருந்ததி
உங்களுக்குத் தெரிஞ்சதோ?"
"இல்லை."
"தெரியுதெண்டு சொன்னியள்."
"நீயும்தான் சொன்னாய்."
மணவறைக்கு மேலே அன்று
தகரக் கொட்டகை மட்டுந்தான் இருந்தது.

கார்த்திகை.
வாங்கின நாளிலிருந்து ஒன்பது நாள் மழை.
உரப்பை போர்த்தி அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்து
பூஞ்சணம் பிடிக்குதோ என்று
விடிய விடிய ரோச் அடித்துப் பார்த்தேன்.
பத்தாம் நாள் மேகம் ஒரு சால்வை அகலம் கிழிந்தது.
முற்றத்துக்குத் தூக்கி, சனிக்குத் திருப்புமுன்
தைத்துக்கொண்டது.

அகப்பட்டது
கோப்பாய்ப் பக்கத்துத் தொலைபேசிக் கோபுரத்தின்
உச்சி விளக்கு. சிவப்பு.
தலைகீழாய்த் தொங்கியது, ஆனால் கூர்மை:
கம்பிக்கூட்டின் கம்பிகளை எண்ணலாம்.
அந்தக் கோபுரத்தின் மீற்றர் இலக்கம் எனக்குப் பாடம்.

சுகிர்தா குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.
"இதுவோ அருந்ததி?"
"அது மாசி கழியத்தான் பின்னேரங்களில் வரும்."
"அப்ப பம்ப்?"

கோபுரத்தை இன்னொருமுறை
கவனமாகப் பார்க்கவேண்டியிருந்தது எனக்கு.